ஜூடோ பசங்களுக்கு எஸ்ஜேஎஃப்டி டெஸ்ட் ஒழுங்கா எடுக்குறது எப்படி

ஜூடோ பசங்களோட ஸ்டாமினாவ பாக்கணும்னா நம்மள்ல நிறைய கோச்சுங்க என்ன பண்றோம், கிரவுண்டுக்கு கூட்டிட்டு போய் 12 நிமிஷம் ஓட விடுறோம், தூரத்த நோட்ல எழுதுறோம், நல்லா ஓடுறவன் ஃபிட், மூச்சு வாங்குறவன் ஃபிட் இல்ல, அவ்ளோதான். ஆனா மேட் மேல வந்தா அந்த நல்லா ஓடுற பையன் ரெண்டாவது ரண்டோரிலயே, அதாவது ப்ராக்டீஸ் சண்டையிலயே, முன்னங்கை கல்லு மாதிரி ஆகி கிரிப்ப விட்டுடுறான், ஓட்டத்துல கடைசியா வந்த 81 கிலோ பையன் வரிசையா நாலு பேர்கிட்ட மோதிட்டு இன்னும் நிக்கிறான். ஓட்டம் வேண்டாம்னு நான் சொல்லல. ஜூடோல ஒருத்தன் எவ்வளவு தாங்குவான்னு அது சொல்லாது, அதுக்குன்னு தனி டெஸ்ட் இருக்கு, லேப் வேண்டாம், ட்ரெட்மில் வேண்டாம், மூணு பேரும் ஒரு மேட்டும் ஒரு ஹார்ட் ரேட் பெல்ட்டும் போதும்.

அதோட பேரு ஸ்பெஷல் ஜூடோ ஃபிட்னஸ் டெஸ்ட், சுருக்கமா எஸ்ஜேஎஃப்டி. போலந்துல ஸ்டானிஸ்வாவ் ஸ்டெர்கோவிச்ங்கிற ஆராய்ச்சியாளர் 1995ல கொண்டு வந்தது. அப்புறம் பிரேசில்ல சாவோ பாலோ பல்கலைக்கழகத்துல எமர்சன் ஃபிராங்கினியும் அவரோட டீமும் இத வச்சு நிறைய ஆராய்ச்சி பண்ணாங்க, 2009ல ஸ்டெர்கோவிச்சும் சேர்ந்து ஒரு மதிப்பெண் டேபிளும் போட்டாங்க. இன்னிக்கு ஜூடோ பத்தி ஃபிட்னஸ் ஆராய்ச்சி எத எடுத்தாலும் இந்த டெஸ்ட் எங்கயாச்சும் வந்துடும்.

டெஸ்ட் இதுதான். ரெண்டு ஊக்கே (எறியப்படுறவங்க) 6 மீட்டர் தள்ளி எதிரெதிரா நிக்கணும், தோரி (எறியுறவன், அதாவது டெஸ்ட் குடுக்குறவன்) நடுவுல, அதாவது ரெண்டு பக்கமும் 3 மீட்டர். சிக்னல் குடுத்ததும் தோரி ஒரு ஊக்கேகிட்ட ஓடி இப்போன் செயோய் நாகே, அதாவது ஒரு கைய பிடிச்சு தோள் மேல தூக்கிப் போடுற த்ரோ, போட்டு எறியணும், உடனே திரும்பி அடுத்தவர்கிட்ட ஓடி அதே த்ரோ, நேரம் முடியுற வரைக்கும் இப்படியே. முதல் ரவுண்டு 15 செகண்ட், 10 செகண்ட் ரெஸ்ட், ரெண்டாவது 30 செகண்ட், மறுபடி 10 ரெஸ்ட், மூணாவது 30 செகண்ட். மொத்தமே 95 செகண்ட். முடிஞ்ச உடனே ஹார்ட் ரேட், சரியா ஒரு நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவ ஹார்ட் ரேட். ரெண்டு ஹார்ட் ரேட்டையும் கூட்டி மொத்த த்ரோவால வகுத்தா வர்றதுதான் இண்டெக்ஸ். இண்டெக்ஸ் கம்மியா இருந்தா நல்லது, இது நிறைய பேர் மாத்தி புரிஞ்சிக்கிறாங்க, அதனால போர்டுலயே எழுதி வச்சிடுங்க.

படிக்க ஈஸியா இருக்கு, நடத்துறப்போ எல்லாம் கோளாறாகும். நான் முதல் வருஷம் எடுத்த டெஸ்ட் ரிசல்ட் முழுசையும் தூக்கிப் போட வேண்டியதா போச்சு, அதுக்கு காரணமான ஒவ்வொரு விஷயமா சொல்றேன்.

முதல்ல தூரம். கண்ணளவுல போடாதீங்க. மேட் 1க்கு 2 மீட்டர் சைஸ்ல இருந்தா நீளவாக்குல மூணு மேட் எண்ணிக்கிட்டா 6 மீட்டர் ஆச்சு, இல்லன்னா டேப் வச்சு அளந்து கலர் டேப் ஒட்டிடுங்க. ஊக்கே அந்த டேப்ப விட்டு நகரவே கூடாது. பையன் டயர்டாகி வர்றத பாத்ததும் ஊக்கே பாவப்பட்டு அரை அடி முன்னாடி வந்து நிப்பான், அவன் ஃப்ரெண்டுதானே, அத நீங்க கவனிக்கலைன்னா ஒரு த்ரோ சும்மாவே ஏறிடும். 27 த்ரோ போடுற ஒருத்தன் மூணு ரவுண்டுலயும் சேர்த்து எவ்வளவு ஓடுறான்னு கணக்கு போட்டு பாருங்க, ஒவ்வொரு ரவுண்டுலயும் முதல் ஓட்டம் 3 மீட்டர், மீதி எல்லாம் 6 மீட்டர், ஆக மொத்தம் 153 மீட்டர். இதுல ஓட்டத்துக்கு 50 சென்டிமீட்டர் கொறஞ்சாலும் பத்து மீட்டருக்கு மேல கொறஞ்சிடும்.

ரெண்டாவது ஊக்கே யாருங்கிறது. தோரியோட எடையும் உயரமும் கிட்டத்தட்ட இருக்கணும். இன்னொரு விஷயம், எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சது: 30 செகண்ட்ல 11 த்ரோன்னா ஒரு த்ரோவுக்கு 2.7 செகண்ட்தான், அப்போ ஒரு ஊக்கே விழுந்து எந்திரிச்சு ரெடியா நிக்க அஞ்சு செகண்ட் கிடைக்குது, அவ்ளோதான். எந்திரிக்க சோம்பேறித்தனம் படுற ஊக்கேவா இருந்தா தோரி வந்து அவனுக்காக வெயிட் பண்றான். ஸ்கோர் தோரியோடதுன்னு எழுதுறோம், ஆனா அளந்தது ஊக்கேவோட வேகத்த. அதனால உகேமி, அதாவது அடிபடாம விழுறது, நல்லா தெரிஞ்ச, சுறுசுறுப்பான ரெண்டு பேர போடுங்க, அடுத்த தடவ அந்த பையனுக்கு டெஸ்ட் எடுக்கும்போதும் அதே ரெண்டு பேர், பேர நோட்ல எழுதி வைங்க. ஒரே ஜோடிய ஆறு பேருக்கு தொடர்ந்து நிக்க வைக்காதீங்க, ஒரு டெஸ்ட்டுக்கு ஒருத்தர் பதிமூணு பதினாலு தடவ விழுறார், நாலாவது ஆளு வர்றப்போ அவருக்கே தல சுத்தும்.

புதுசா சேந்த பசங்கள இந்த டெஸ்ட்ல தோரியாவும் போடக்கூடாது, ஊக்கேவாவும் போடக்கூடாது. ஜப்பான்ல 2003லேருந்து 2010 வரைக்கும் ஜூடோல நடந்த பெரிய தலை, கழுத்து காயங்கள ஆராய்ச்சி பண்ணி பாத்தப்போ தலைல அடிபட்டவங்கள்ல பெரும்பாலானவங்க சின்ன வயசு, அனுபவம் கம்மியானவங்கன்னு தெரிஞ்சது. களைச்சுப் போன தோரி எறியுற கடைசி ரெண்டு மூணு த்ரோ சுத்தமா இருக்காது, முழங்கால் மடங்காம இடுப்புல இடிச்சு சைடா தள்ளி விடுவான், அத வாங்கிக்கிட்டு சரியா விழத் தெரிஞ்சவன் மட்டும்தான் அங்க நிக்கணும். இந்த ஒரு விஷயத்துல யார் கெஞ்சினாலும் விட்டுக்குடுக்காதீங்க.

டைமிங்குக்கு ஒருத்தர் ஸ்டாப்வாட்ச் பாத்து கத்துறது சரிப்படாது. போன்லயே 15, 10, 30, 10, 30ன்னு பீப் சத்தத்தோட ஒரு ஆடியோ ரெக்கார்ட் பண்ணி ஸ்பீக்கர்ல போடுங்க, ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் அதே ஆடியோ. 10 செகண்ட் ரெஸ்ட்ல தோரி நடுக்கோட்டுக்கு திரும்பி வந்துடணும், அடுத்த ரவுண்டு அங்கேருந்துதான் ஆரம்பம். பீப் அடிக்கும்போது ஊக்கே முதுகு மேட்ல படலைன்னா அந்த த்ரோ கணக்குல கிடையாது. ஒரு போன்ல வீடியோ போட்டு வச்சிட்டா அப்புறம் உக்காந்து எண்ணலாம், நேர்ல எண்ணும்போது எல்லாரும் கத்திக்கிட்டு இருப்பாங்க, ஒண்ணு ரெண்டு விட்டுப் போகும்.

ஹார்ட் ரேட்டுக்கு நெஞ்சுல கட்டுற பெல்ட்தான் வேணும். கையில கட்டுற வாட்ச் இங்க நம்ப முடியாது, ஜூடோகியோட (ஜூடோ டிரஸ்ஸோட) கை உரசும், கிரிப் இறுக்கும்போது மணிக்கட்டு அசையும், நம்பர் எங்கயோ போய் நிக்கும். பெல்ட் இல்லாதவங்க கழுத்துல விரல் வச்சு 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குறாங்க, அதுல ஒரு துடிப்பு விட்டாலே 4 தப்பாகிடும். வேற வழியே இல்லன்னா பண்ணுங்க, ஆனா அந்த இண்டெக்ஸ டேபிளோட ஒப்பிடாதீங்க, த்ரோ எண்ணிக்கைய மட்டும் பாருங்க. பெல்ட்ட கொஞ்சம் தண்ணில நனச்சு கட்டுங்க, காஞ்ச பெல்ட்டு ஆரம்பத்துல சிக்னல் பிடிக்காது. முடிஞ்சதும் பையன் உக்காரக்கூடாது படுக்கக்கூடாது, இல்ல எல்லாரும் உக்காரணும், எதுவா இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி. ஒருத்தன் நின்னுக்கிட்டு இன்னொருத்தன் மல்லாந்து படுத்துக்கிட்டு இருந்தா ஒரு நிமிஷ ஹார்ட் ரேட் ஒப்பிடவே முடியாது.

இப்போ கணக்கு. 2009 டேபிள் ஆம்பள ஜூடோ வீரர்களுக்கானது. மொத்த த்ரோ 29ம் அதுக்கு மேலயும்னா அருமை, 27லேருந்து 28 நல்லது, 26 சுமார், 25 மோசம், 24ம் அதுக்கு கீழயும் ரொம்ப மோசம். இண்டெக்ஸ் 11.73க்குள்ள இருந்தா அருமை, 13.03 வரைக்கும் நல்லது, 13.94 வரைக்கும் சுமார், 14.84 வரைக்கும் மோசம், அதுக்கு மேல ரொம்ப மோசம். ஹார்ட் ரேட்டுக்கும் தனித்தனி வரிசை இருக்கு, முடிஞ்ச உடனே 173க்குள்ள, ஒரு நிமிஷம் கழிச்சு 143க்குள்ள இருந்தா அருமை. பொண்ணுங்களுக்கும் சின்ன பசங்களுக்கும் இந்த நம்பர மாட்டி விடாதீங்க, அவங்களுக்கு அவங்க பழைய ரிசல்ட்தான் அளவுகோல். 100 கிலோவுக்கு மேல இருக்குறவங்களும் த்ரோ எண்ணிக்கைல பின்தங்கித்தான் இருப்பாங்க, அந்த உடம்ப தூக்கிக்கிட்டு 6 மீட்டர் திரும்பி திரும்பி ஓடணும்ல, அதுக்காக அவன் ஃபிட் இல்லன்னு முடிவு கட்டிடாதீங்க.

என் பையன் ஒருத்தன் ஜூன்ல எடுத்தப்போ 24 த்ரோ, உடனே 190, ஒரு நிமிஷம் கழிச்சு 168. கூட்டினா 358, 24ஆல வகுத்தா 14.92, ரொம்ப மோசம். எட்டு வாரம் கழிச்சு 26 த்ரோ, 186, 160. கூட்டினா 346, வகுத்தா 13.31, சுமார். ரெண்டு படி ஏறிட்டான், த்ரோவும் ஏறிருக்கு, ஒரு நிமிஷத்துல இறங்குற துடிப்பும் 22லேருந்து 26 ஆயிருக்கு. இது நிஜமான முன்னேற்றம்.

அதே நாள் இன்னொருத்தன் 24 த்ரோ, உடனே 172, ஒரு நிமிஷத்துல 140. கூட்டினா 312, வகுத்தா சரியா 13. டேபிள்ல பாத்தா நல்லதுன்னு வருது! ஆனா 24 த்ரோங்கிறது ரொம்ப மோசம் வரிசை. என்ன ஆச்சுன்னா அவன் முழு வேகத்துல போகவே இல்ல, பாதி வேகத்துல ஓடினான், இதயம் ஏறல, இண்டெக்ஸ் அழகா வந்துடுச்சு. அதனாலதான் இண்டெக்ஸ மட்டும் நோட்ல எழுதி வைக்கிற பழக்கத்த நான் விட்டுட்டேன். மூணு ரவுண்டு த்ரோவையும் தனித்தனியா எழுதுங்க, ரெண்டு ஹார்ட் ரேட்டையும் தனியா எழுதுங்க, கடைசியா இண்டெக்ஸ். 6, 11, 10ன்னு போடுறவனும் 6, 12, 9ன்னு போடுறவனும் மொத்தம் 27தான், ஆனா ரெண்டாமவன் மூணாவது ரவுண்டுல உடையுறான், அவனுக்கு குடுக்க வேண்டிய ட்ரெயினிங் வேற.

இன்னொன்னு, இந்த டெஸ்ட்ட மேட்ச்சோட சின்ன வடிவம்னு நினைச்சிடாதீங்க. ஃபிராங்கினி டீம் அளந்து பாத்ததுல எஸ்ஜேஎஃப்டில செலவாகுற சக்தில கிட்டத்தட்ட 42 சதவீதம் உடனடி வெடிப்பு சக்திலேருந்து வருது, தசைல ஏற்கனவே சேமிச்சு வச்சிருக்குறது, 30 சதவீதம் போல லாக்டேட் வழில, அதாவது ஆக்சிஜன் இல்லாம சர்க்கரைய எரிச்சு, மீதி 28 சதவீதம்தான் ஆக்சிஜன் வழில. அதே குழு ஜூடோ மேட்ச் மாதிரியே நடத்தி அளந்தப்போ தலகீழ், 70 சதவீதம் ஆக்சிஜன் வழி, 21 வெடிப்பு சக்தி, 8 போலதான் லாக்டேட் வழி. மேட்ச்சு 4 நிமிஷம், 20லேருந்து 30 செகண்ட் மோதல், நடுவர் மாத்தேன்னு நிறுத்துற 10 செகண்ட் இடைவெளி, இப்படியே போகும், சமமா முடிஞ்சு கோல்டன் ஸ்கோர்ங்கிற கூடுதல் நேரத்துக்கு போனா நேரக் கணக்கே கிடையாது. அதனால 29 த்ரோ போடுறவன் அடுத்தடுத்து வேகமா தாக்க முடியும்னு அர்த்தம், அஞ்சாவது மேட்ச்ல நிப்பான்னு அர்த்தம் இல்ல. எதிராளி கிரிப்ப உடைக்கிறது, தள்ளுறது, இழுக்குறது, பயம், ஒண்ணுமே இந்த டெஸ்ட்ல கிடையாது.

கிரிப்புக்கு தனி டெஸ்ட் வச்சிக்கோங்க, ரொம்ப சிம்பிள். புல் அப் கம்பில ஒரு ஜூடோகிய மடிச்சு போட்டு, ரெண்டு பக்க துணியையும் பிடிச்சு தொங்கி எத்தன புல் அப் எடுக்குறான்னு எண்ணுங்க. சும்மா மடக்கி தொங்கி எவ்வளவு நேரம் தாங்குறான்னும் பாக்கலாம், ஆனா பிரேசில் ஆராய்ச்சில நேஷனல் டீம் ஆளுங்களையும் மாநில லெவல் ஆளுங்களையும் பிரிச்சு காட்டினது எண்ணிக்கைதான், தொங்குற நேரம் பிரிச்சு காட்டல. கிரிப்ப பிடிச்சு சும்மா வச்சிருக்குறது ஒண்ணு, பிடிச்சுக்கிட்டே திரும்ப திரும்ப இழுக்குறது வேற ஒண்ணு.

எப்போ எடுக்கணும்னா ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவ போதும், வாரா வாரம் எடுத்தா பசங்களுக்கு வெறுத்துப் போயிடும். முதல் நாள் ஹெவி ட்ரெயினிங் இருக்கக்கூடாது. ஒரே நேரம், ஒரே மேட், ஒரே வார்ம் அப். நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம், மே மாசம் மதியம் தகர கூரைக்கு கீழ எடுத்த ஹார்ட் ரேட்டும் டிசம்பர் காலைல எடுத்த ஹார்ட் ரேட்டும் ஒப்பிடவே முடியாது, சூட்டுல இதயம் தானா ஏறும், தண்ணி கொறஞ்சா இன்னும் ஏறும். டீ காபி குடிச்சானா, ராத்திரி தூங்கினானான்னு கேட்டு எழுதிடுங்க. புதுசா பண்றவங்களுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு தடவ பழக்கத்துக்கு பண்ண விடுங்க, அந்த ரிசல்ட்ட கணக்குல சேக்காதீங்க, ரெண்டாவது தடவ ஒரு த்ரோ கூடுறது பெரும்பாலும் பழக்கத்தால, ஃபிட்னஸால இல்ல.

நிலைமை ஒரே மாதிரி இல்லன்னா எவ்வளவு பெரிய ஆளுங்களும் ஏமாறுவாங்க. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் ஜூடோ ரிசல்ட்ட வச்சு, நீல ஜூடோகி போட்டவங்க வெள்ளை போட்டவங்கள விட அதிகமா ஜெயிச்சாங்கன்னு 2005ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. எல்லாரும் கலருக்கு காரணம் தேட ஆரம்பிச்சாங்க. 2008ல டைக்ஸ்ட்ரா, ப்ரீனன்னு ரெண்டு பேர் தோண்டிப் பாத்தா, அதுல சீடிங், அதாவது பலமான ஆளுங்கள முன்னாடியே பிரிச்சு போடுறது, கலந்திருக்கு, மேட்ச்சுக்கு நடுவுல கிடைச்ச ரெஸ்ட் நேரமும் கலந்திருக்கு, இன்னும் 71 டோர்னமெண்ட்ட எடுத்து பாத்தா கலருக்கு எந்த பவரும் இல்ல. உங்க நோட்லயும் இதேதான் நடக்கும், ஊக்கே மாறினது தெரியாம ட்ரெயினிங் வேலை செஞ்சிடுச்சுன்னு சந்தோஷப்படுவீங்க.

வெயிட் கட் பண்ற வாரத்துல இந்த டெஸ்ட்ட தொடாதீங்க. இங்க ஒரு ஆராய்ச்சிய தப்பா எடுத்துக்கிட்டு நிறைய கோச்சுங்க பேசுறத கேட்டிருக்கேன், எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம் இது. கில்ஹெர்மே ஆர்டியோலி டீம் 2010ல போட்டது, அஞ்சு நாள்ல 5 சதவீதம் எடைய கொறச்சு, நாலு மணி நேரம் சாப்பிட்டு தண்ணி குடிச்சு ரெக்கவர் ஆனவங்களுக்கு ஜூடோ சம்பந்தமான பெர்ஃபார்மன்ஸ் கொறயலன்னு வந்துச்சு. உடனே பாத்தியா, ஒண்ணும் ஆகாதுன்னு பசங்கள பட்டினி போடுறாங்க. அதுல இருந்தது மொத்தம் 14 பேர், எடை கொறச்சு கொறச்சு பழகினவங்க, அளந்தது பெர்ஃபார்மன்ஸ, உயிருக்கு பாதுகாப்பான்னு இல்ல. அதே ஆர்டியோலி எடை கொறைக்கிறத கட்டுப்படுத்த ரூல்ஸ் வேணும்னு எழுதினவர். 1997 கடைசில அமெரிக்காவுல மூணு காலேஜ் மல்யுத்த வீரர்கள் அஞ்சு வாரத்துக்குள்ள எடை கொறைக்கப் போய் செத்துட்டாங்க, ரப்பர் சூட்ட மாட்டிக்கிட்டு சூடான ரூம்ல வியர்வை வடிய விட்டது. அதுக்கு அப்புறம்தான் அங்க காலேஜ் மல்யுத்தத்துல சௌனா, ரப்பர் சூட் தடை பண்ணி, உடம்புல தண்ணி போதுமா இருக்கான்னு யூரின் டெஸ்ட்டும் கொண்டு வந்தாங்க. இன்டர்நேஷனல் ஜூடோலயும் முந்தின நாள் எடை பாத்துட்டு, மறுநாள் காலைல குலுக்கல்ல சில பேர கூப்பிட்டு திரும்ப பாக்குறாங்க, 5 சதவீதத்துக்கு மேல ஏறியிருந்தா போட்டில இருக்க முடியாது. தண்ணி வத்திப் போன பையன 95 செகண்ட் முழு வேகத்துல ஓட விடுறது டெஸ்ட் இல்ல.

ரிசல்ட் வந்ததுக்கு அப்புறம் என்ன பண்றதுன்னா, ஆராய்ச்சில வேலை செஞ்சதுன்னு காட்டின ஒரு முறைய நான் எங்க மேட்ல போட்டுட்டு இருக்கேன். 20 செகண்ட் முழு வேகத்துல உச்சிகோமி (எறியாம த்ரோவுக்குள்ள நுழையுறத மட்டும் திரும்ப திரும்ப பண்றது), 10 செகண்ட் ரெஸ்ட், இப்படி 10 தடவ, அப்புறம் 5 நிமிஷம் ஓய்வு, மறுபடி அதே 10. வாரத்துக்கு ரெண்டு நாள், நாலு வாரம். 2016ல ஃபிராங்கினி டீம் 35 பேர வச்சு இத பண்ணப்போ சிலருக்கு கை சைக்கிள், சிலருக்கு கால் சைக்கிள், சிலருக்கு உச்சிகோமி குடுத்தாங்க, எதுல பண்ணாலும் முன்னேற்றம் தெரிஞ்சது, ஆனா எது முன்னேறுச்சுங்கிறது குழுவுக்கு குழு மாறுச்சு. அப்போ கால்ல அடிபட்ட பையனுக்கு கை சைக்கிள் போட்டு கூட இத ஓட்டலாம், சும்மா உக்கார வைக்க வேண்டாம். மூணாவது ரவுண்டுல உடையுறவனுக்கு இது நல்லா பலன் குடுக்கும்னு என் அனுபவத்துல பாக்குறேன். முதல் 15 செகண்ட்லயே 5 த்ரோவத் தாண்ட முடியாதவனுக்கு பிரச்சன மூச்சு இல்ல, பெரும்பாலும் டெக்னிக், திரும்பும்போது காலு ரெண்டு அடி அதிகமா வைப்பான், வீடியோவ ஸ்லோவா ஓட்டி காலடிய எண்ணுங்க, அங்கயே தெரியும்.

டேக்வாண்டோ கோச்சுங்களும் கேப்பீங்க, உங்களுக்கும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு, 10 செகண்ட்ல மாத்தி மாத்தி எத்தன பந்தால் சாகி (சைடுலேருந்து சுத்தி அடிக்கிறது) கிக்குன்னு எண்ணுறது, அதையே 10 செகண்ட் ரெஸ்ட் விட்டு அஞ்சு செட் பண்ணி எவ்வளவு விழுதுன்னு பாக்கலாம். அங்கயும் மேல சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும், பேட் பிடிக்கிறவர் உயரத்த மாத்தாம பிடிக்கணும், அதே ஆள், அதே நேரம், ஒவ்வொரு செட்டையும் தனியா எழுதணும்.